பலா நின்ற இடம்

பருத்தித்துறை பஸ் நிலையத்தில் என் கையில் கொடுத்த பொருளை வடை என்று சொன்னால் எங்கள் மெஸ்ஸில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். தட்டையாக, மொறுமொறுவென்று, கடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம். "இது தட்டைங்க. எனக்கு வடை கொடுங்க" என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுதானம்மா வடை. உங்கடை ஊரிலை நீங்கள் சாப்பிடுறது பஞ்சு."

திருச்சியில் இருபது வருஷமாக மெஸ் நடத்துகிறவளிடம் வடைக்கு இலக்கணம் சொல்கிறார்! வந்த கோபத்தில் இன்னொரு கடி கடித்தேன். மூன்றாவது கடியில் கோபம் போன இடம் தெரியவில்லை. பெருஞ்சீரக வாசனையும் உறைப்பும் நாக்கைப் பிடித்துக்கொண்டன. ஒரு பொட்டலம் கட்டித் தரச் சொல்லிப் பையில் போட்டுக்கொண்டேன்.

நான் பருத்தித்துறையில் இருந்திருக்கவே கூடாது என்பது வேறு விஷயம். போக வேண்டியது தெல்லிப்பழைப் பக்கம். மத்தியானம் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இரண்டு பஸ் சேர்ந்தாற்போல் வந்து நின்றன. ஒன்றில் நிற்க இடமில்லை. மற்றதில் ஜன்னலோரம் சீட் காலியாக இருந்தது. புத்தி எங்கே போகும்? சீட்டைப் பார்த்து ஏறினேன், உட்கார்ந்தேன், தூங்கினேன். கண்ணைத் திறந்தால் எதிரே கடல். தெல்லிப்பழையில் கடல் உண்டு என்று மலர் சொல்லவே இல்லையே என்று ஒரு நிமிஷம் அவளைத்தான் திட்டினேன்.

மலரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவளுக்காகத்தான் இந்தப் பயணம். ராசமலர் என்பது முழுப்பெயர். இருபது வயதில் படகேறித் தாய் தகப்பனோடு வந்தவள். அவர்கள் இருவரையும் திருச்சியிலேயே பறிகொடுத்துவிட்டு, இன்னும் அகதி முகாமில் இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலை ஐந்து மணிக்கு என் மெஸ்ஸுக்கு வந்து இடியப்பமும் சொதியும் செய்வாள். தேங்காய்ப் பாலில் மஞ்சள் போட்டு அவள் வைக்கும் அந்தச் சொதிக்காகவே கல்லூரிப் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். என் கடையில் பெயர்ப்பலகை என்னுடையது, கை அவளுடையது.

அவர்கள் ஊர் ராணுவத்தின் கையில் இருந்தது. இப்போது மலரின் தெருவையும் ராணுவம் விட்டுவிட்டது என்று செய்தி வந்தது. வீடு, மரம், வேலி எல்லாம் தரைமட்டம். காணிக்காரர்கள் வந்து தங்கள் எல்லையைச் சொல்ல வேண்டும். மலரால் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது. அவளுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. போனால் ஒரேயடியாகப் போவதுதான். திரும்பி வர வழியில்லை.

"அக்கா, நீங்கள் போய்ப் பாருங்கோ. எங்கடை பலா நிண்ட இடம் எங்கடை காணிக்குள்ளை இருந்தால் நான் போறன். இல்லையெண்டால் உங்கடை மெஸ்ஸிலையே கிடந்து சாகிறன்" என்றாள்.

கூடவே ஓர் எச்சரிக்கை. "பக்கத்துக் காணிக்காரி தவமணி எண்டு ஒருத்தி நிப்பாள். அவளோடை வாயைக் குடுக்காதையுங்கோ. அவள் தாற தேத்தண்ணியைக்கூடக் குடியாதையுங்கோ." வேலித் தகராறாம். ஊரை விட்டு ஓடும்போதுகூட இரண்டு வீட்டுக்காரர்களும் பேசிக்கொள்ளவில்லையாம். முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, இன்னும் அந்தப் பெயரைச் சொன்னால் மலருக்கு மூக்கு விடைக்கும்.

சரி, பருத்தித்துறைக்கு வருவோம். என் பேச்சைக் கேட்டதும் பக்கத்தில் நின்ற மீன்காரர் திரும்பினார். "இந்தியாவோ?" என்றார். ஆமாம் என்றேன். "உங்கடை றோலருகளை எங்கடை கடலுக்கை விடவேண்டாமெண்டு போய்ச் சொல்லுங்கோ. போன மாசமும் என்ரை வலை முழுக்க அறுந்து போச்சு. ஆருக்குச் சொல்லி அழ?" என்றார். றோலர் என்றால் இழுவைப் படகு. நான் என்னத்தைச் சொல்ல? காவிரிக் கரைக்காரி, கடலே தெரியாது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "அப்ப கடல் தெரிஞ்சவைக்குச் சொல்லுங்கோ" என்றார். நியாயம்தான். திட்டி முடித்துவிட்டு, என் பையை வாங்கித் தூக்கிக்கொண்டு வந்து சரியான பஸ்ஸில் ஏற்றி, "இந்த அக்காவைக் கவனமா இறக்கிவிடுங்கோ, நித்திரை கொள்ளுற ஆள்" என்று கண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

தெல்லிப்பழையில் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. என்னைக் கூட்டிப்போக வர வேண்டியவள் ஜெயந்தி என்ற முன்பள்ளி டீச்சர். பஸ் பஸ்ஸாகப் பார்த்துவிட்டு அவள் போய்விட்டாள் போல. என் போனோ இந்தப் பக்கம் வந்ததிலிருந்து செத்துக் கிடக்கிறது. ஓர் ஆட்டோக்காரரைப் பிடித்து ஒழுங்கையின் பெயரைச் சொன்னேன். ஒழுங்கை என்றால் நம்மூர்ச் சந்து.

"அங்கை இருக்கிறது ஒரே ஒரு வீடுதானே" என்றார் அவர். "நல்லதாப் போச்சு, அங்கேயே விடுங்க" என்றேன்.

வழியெல்லாம் செம்மண். இரண்டு பக்கமும் வெங்காயமும் புகையிலையும் பச்சைப்பசேலென்று வந்துகொண்டே இருந்தன, திடீரென்று நின்றுவிட்டன. அதற்கப்புறம் வெறும் பற்றைக் காடு, நம்மூர்ப் புதர். நடுவே ஒரு தகரக் கொட்டில், வாசலில் ஒரு பல்பு, உள்ளே ரேடியோ சத்தம். ஆட்டோ திரும்பிப் போனதும், கொட்டிலிலிருந்து ஒல்லியாக, நரைத்த கொண்டையோடு ஓர் அம்மாள் வெளியே வந்தார்.

"ஆரது?"

திருச்சியிலிருந்து வருகிறேன், மலருக்காக என்றேன். அந்த அம்மாள் என் பையைப் பார்த்தார். பிறகு, "உள்ளுக்கு வாங்கோ. நான்தான் தவமணி" என்றார்.

எனக்குத் திக்கென்றது. யாரோடு பேசவே கூடாதோ அவள் வாசலில் பையோடு நிற்கிறேன். இருட்டப் போகிறது, சுற்றி ஒரு ஈ காக்கை இல்லை. தேத்தண்ணிதானே குடிக்கக் கூடாது என்றாள் மலர், புட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டு உள்ளே போனேன்.

குரக்கன் புட்டு, மீன் குழம்பு, முருங்கையிலை வறை. குரக்கன் என்றால் நம்ம கேழ்வரகு, வறை என்றால் பொரியல். தவமணியின் மீன் குழம்பைப் பற்றி நான் எழுதினால் மலர் என்னைக் கொன்றுவிடுவாள். ஆனாலும் உண்மையைச் சொல்லித்தானே ஆக வேண்டும். இரண்டு தரம் வாங்கிப் போட்டுக்கொண்டேன். தேத்தண்ணியும் குடித்தேன். எச்சரிக்கை எல்லாம் வயிறு நிறைந்தவர்களுக்கு.

சாப்பிடும்போது ரேடியோவைக் கொஞ்சம் குறையுங்களேன் என்றேன். அவர் எழுந்து போய் நிறுத்தினார். "நான் உதைக் கேக்கிறேல்லை. ஆரின்ரையும் ஒரு குரல் இருக்கட்டும் எண்டு போட்டு விடுறனான்" என்றார். புருஷன் போய்விட்டார். பிள்ளைகள் இரண்டும் பிரான்ஸில், அங்கே வந்துவிடும்படி மாதாமாதம் சொல்கிறார்களாம். இந்த ஒழுங்கையில் திரும்பி வந்து குடியேறியவர் இவர் ஒருவர்தான். மற்றக் காணிக்காரர்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், அழுகிறார்கள், ஐஸ்கிரீம் குடித்துவிட்டு யாழ்ப்பாணம் போய்விடுகிறார்கள் என்றார். ஐஸ்கிரீமை இவர்கள் குடிப்பதாகத்தான் சொல்கிறார்கள்.

பாத்திரம் கழுவும்போது முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார். "உவள் இப்பவும் பல்லை நெறுமிக்கொண்டோ நித்திரை கொள்ளுறவள்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாமல்? சின்னனிலை ஒரே பாயிலை படுத்தனாங்கள்" என்றார். அதற்கு மேல் மலரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, விடிந்ததும் ஜெயந்தி ஓடி வந்துவிட்டாள். முப்பது வயசு இருக்கும். யாழ்ப்பாணத்திலேயே அகதி முகாமில் பிறந்து, முகாம் முகாமாக வளர்ந்து, இந்த ஊரைத் தகப்பன் சொன்ன கதையில் மட்டும் கேட்டவள். கையில் ஒரு வாளி நிறையச் சுண்ணாம்புத் தூள்.

"அக்கா, நீங்கள் இந்த வீட்டிலையே தங்கினீங்கள்?" என்று என் காதில் கேட்டாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

சனி, ஞாயிறுகளில் இவர்கள் செய்யும் வேலையைப் பார்த்து நான் அசந்துபோனேன். காணி உறுதி பலரிடம் இருக்கிறது. உறுதி என்றால் நம்மூர்ப் பத்திரம். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கும்? கிழக்கே இன்னாருடைய காணி, மேற்கே இன்னாருடைய காணி. வேலியே இல்லாத வெட்டவெளியில் அதை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கக்கூட முடியாது. சர்க்கார் ஆள் பிறகு வந்து அளப்பார். ஆனால் எங்கே சங்கிலியைப் பிடிப்பது என்று அவருக்கு யார் சொல்வது? அதனால் காணிக்காரர் வந்து தன் இடத்தில் நின்று, அங்கே நடந்த கதையைச் சொல்ல வேண்டும். அளவு, அடிக்கணக்கு எல்லாம் வேண்டாம், கதைதான் வேண்டும். இங்கேதான் நான் வழுக்கி விழுந்து பல்லை உடைத்தேன், இங்கேதான் அக்காளுக்குத் தாலி கட்டினது என்று. சுற்றியிருக்கிற காணிக்காரர்கள் கேட்பார்கள், திருத்துவார்கள், சிரிப்பார்கள். எல்லாரும் 'ஓம்' என்று சொன்னால்தான் ஜெயந்தி அந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவாள். ஒருவர் 'இல்லை' என்றாலும் வாளியைக் கீழே வைத்துவிடுவாள்.

அன்று ஒரு புருஷன் பெண்டாட்டி கொழும்பிலிருந்து வந்திருந்தார்கள். அவர் ஓரிடத்தில் கம்பீரமாக நின்று, "இதுதான் எங்கடை குசினி. இதிலை இருந்துதான் அம்மா எனக்குத் தோசை சுட்டுத் தந்தவ" என்றார். குசினி என்றால் அடுப்படி. பெண்டாட்டி பக்கத்து வீட்டுப் பெண்ணாம். அதே ஒழுங்கையில் வளர்ந்தவள். "விசர்க்கதை கதையாதையுங்கோ. நீங்கள் நிக்கிறது கக்கூஸ்" என்றாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு அவரே நாலு அடி நடந்து பார்த்து, ஒரு பழைய கற்படியைக் காலால் தட்டிக் கண்டுபிடித்து, "ஓம், அவ சொல்லுறதுதான் சரி" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. தாயின் அடுப்பு நின்ற இடத்தில் அந்த மனுஷன் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். யாரும் எழுப்பவில்லை. ஜெயந்தி அவரைச் சுற்றியே கோட்டைப் போட்டாள்.

கோடு போட்ட பிறகு சும்மா விடுவதில்லை. எல்லையில் கிளுவைக் கம்பு நடுகிறார்கள். அதற்குக் கதியால் என்று பெயர். வெட்டி நட்டால் துளிர்த்து, அதுவே உயிர்வேலியாகிவிடும். வண்டிகள் ஓடி ஓடி இறுகிப்போன மண்ணைக் கொத்தி, பூவரசங்குழையை, அதாவது தழையை, உள்ளே தாழ்த்து மூடுகிறார்கள். சில காணிகளில் பயறு முளைத்திருந்தது. பிள்ளையார் கோவில் இருந்த இடம் இன்னும் வெறும் சுண்ணாம்புச் சதுரம்தான். ஆனால் சாயங்காலமானால் அதற்குள் விளக்கு வைக்கிறார்கள், செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றிவிட்டுப் போகிறார்கள். நானும் கழற்றினேன். சுவர் இல்லாத கோவிலில் சுண்டல் வாங்கித் தின்றது இதுதான் முதல் தடவை. உப்புக் கொஞ்சம் குறைச்சல்.

எங்கள் ஊரில் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. நடுவில் பத்தடிச் சுவர், அதன்மேல் கண்ணாடிச் சில்லு. இங்கே பக்கத்து வீட்டுக்காரர் 'ஓம்' சொல்லாமல் ஒருத்தருக்கும் வீடே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மலரின் முறை. அதாவது என் முறை. நான் பொய் சொல்லப் போவதில்லை: மலர் போவது எனக்குப் பிடிக்கவில்லை. மெஸ்ஸுக்காக மட்டுமில்லை. காலையில் கதவைத் திறந்தால் முதலில் பார்க்கிற முகம் அவளுடையது. இருபது வருஷம் என்பது சும்மாவா? ஆனாலும் நம்பி அனுப்பியிருக்கிறாள், ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்காணிக்காரர் நடராசா அண்ணை வந்திருந்தார். எழுபது வயசு, சைக்கிளில் வந்தார். தவமணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தன் பக்கத்தில் நின்றார். இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். "சொல்லுங்கோ அக்கா" என்றாள் ஜெயந்தி. "படத்திலை கதைக்கிற மாதிரிக் கதைக்கப் போறா" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு.

மலர் வீட்டுப் பழைய கிணற்றிலிருந்து வடக்கே போய், மலர் சொல்லியனுப்பியபடி நின்றேன். "இங்கதான் பலாமரம் நின்னுச்சு" என்று ஆரம்பித்தேன். பண்ருட்டிப் பலா வரும் காலமெல்லாம், மெஸ்ஸில் சுளை எடுத்துக்கொண்டே மலர் இந்தக் கதையைச் சொல்வாள். எனக்கு மனப்பாடம். ஊரைவிட்டு ஓடச் சொன்ன அன்று காலையில் அடிமரத்தில் ஒரு பெரிய பழம் தொங்கியது. வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம் என்றாள் அம்மா. அப்பா விடவில்லை. இன்னும் பழுக்கவில்லை, இரண்டு நாள் கிடக்கட்டும், அதற்குள் திரும்பி வந்துவிடலாம் என்றார். அவ்வளவுதான். அவர்கள் திரும்பி வரவே இல்லை. "இத்தனை வருஷமா அவ பலாப்பழம் உரிக்கிறா, ஆனா ஒரு சுளை வாயில வச்சதில்ல" என்று முடித்தேன். நல்லபடியாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன்.

நடராசா அண்ணை தொண்டையைச் செருமினார். "கதை உண்மைதான் பிள்ளை. ஆனால் பலா உவையின்ரை இல்லை. அது தவமணியின்ரை தாய் நட்டது."

"இல்லைங்க, மலர் வீட்டு வேலிக்குள்ளதான் நின்னுச்சு."

"ஓம், வேலிக்குள்ளைதான். அவள் பிறக்கிறதுக்கு முன்னம் வெளியிலை நிண்டது. பலா நடக்குமோ? வேலிதான் நடந்தது." சிரிப்பு கிளம்பியது. கிடுகு என்கிற தென்னங்கீற்றை மாற்றி வேலி அடைக்கும்போதெல்லாம் மலரின் தகப்பன் கதியாலை ஒரு சாண் தள்ளி நடுவாராம். அடுத்த தடவை இன்னொரு சாண். மலருக்கு விவரம் தெரியும்போது மரம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. "அந்த மனிசன் மட்டும் இல்லை, ஊர் முழுக்க உதுதான் தொழில். கோர்ட்டிலை வழக்கில்லாத குடும்பம் இந்த ஒழுங்கையிலை இல்லை" என்றார்.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும், "ஓம், அது தவமணியாக்களின்ரை பலாதான்" என்றார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. ஜெயந்தியின் போனை வாங்கி மலரைக் கூப்பிட்டேன். எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் மலர் வெடித்தாள். "எங்கடை பலா! ஆர் சொன்னது? தவமணி சொல்லிக் குடுத்திருப்பாள். நீங்கள் அவளின்ரை வீட்டிலை தேத்தண்ணி குடிச்சனீங்களோ?" நல்லவேளை, நடராசா அண்ணை போனை வாங்கினார். நிதானமாக, வேலி நடந்த கதையைச் சொன்னார். மலர் எனக்கே அடையாளம் தெரியாத சின்னக் குரலில் கேட்டாள்.

"அப்ப ஐயா எங்களுக்குச் சொன்னதெல்லாம்?"

நடராசா அண்ணை போனை என் பக்கம் நீட்டினார்.

"அந்த மரம் எங்கடை இல்லையெண்டால் எனக்கு அங்கை என்ன இருக்கு? அக்கா, நான் போகேல்லை. பலாவை அவையின்ரை பக்கமே விட்டுக் கோட்டைப் போடச் சொல்லுங்கோ. நீங்கள் வெளிக்கிட்டு வாங்கோ."

என் மனசு துள்ளிக் குதித்தது. வெட்கம் கெட்ட மனசு. அவள் அங்கே அழுகிறாள், நான் இங்கே நாளைக்குச் சொதி உண்டு என்று சந்தோஷப்படுகிறேன். முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டேன்.

ஜெயந்தி வாளியைத் தூக்கினாள். பலா நின்ற இடத்தில் ஒரு வட்டம் போட்டாள். பிறகு வட்டத்துக்கு அந்தப் பக்கம், மலரின் காணிக்குள் தள்ளி, எல்லைக் கோட்டைப் போடக் குனிந்தாள். "தவமணி அக்கா, ஓமோ?" என்றாள். தவமணி ஜெயித்தாயிற்று, 'ஓம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அவர் சொல்லவில்லை. விறுவிறுவென்று வந்து நடராசா அண்ணையின் கையிலிருந்து போனைப் பறித்தார்.

"எடியே மலர், நான் தவமணி."

போனை வாய்க்குக் கிட்டே பிடித்துக்கொண்டு கத்தினார்.

"உந்தப் பழத்தை நான்தானடி வெட்டினனான். நீங்கள் போய் அடுத்த நாள் நாங்களும் வெளிக்கிட்டனாங்கள். போற வழியிலை பிள்ளையளுக்குச் சாப்பாடு வேணுமெண்டு அம்மா வேலி பாஞ்சு வெட்டச் சொன்னவ. பழுக்கேல்லை. ஒரே பால். வாயெல்லாம் ஒட்டிப்போச்சு. வாய் ஒட்டினபடி அழுதுகொண்டு மானிப்பாய் வரைக்கும் நடந்தனாங்கள்."

"கள்ளி!" என்றது போன். அடேயப்பா, என்ன சத்தம்! "ரெண்டு நாள் பொறுத்தால் பழுத்திருக்கும்! ஐயா சொன்னவர்! கள்ளி, எங்கடை பழத்தைக் களவெடுத்துப் போட்டு..."

"ஆற்றை பழம்? என்ரை அம்மா நட்ட மரம்!"

"எங்கடை வேலிக்குள்ளை நிண்டது!"

"கொப்பர் தள்ளின வேலி!"

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து கத்தியதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாருடைய ஆடு யாருடைய கீரையைத் தின்றது, யார் யாருடைய வாளியைக் கிணற்றுக்குள் விட்டது என்று எல்லாம் வந்தது. நடராசா அண்ணை சைக்கிள் கேரியரில் சாய்ந்துகொண்டு, கச்சேரி கேட்பவர்போல் தலையை ஆட்டினார். திடீரென்று தவமணியின் குரல் இறங்கியது.

"மலர், நில். மூச்சை விட்டுட்டுக் கேள். மரம் உன்ரையாய் இருக்கட்டும், என்ரையாய் இருக்கட்டும். நீ வா. வந்து வேலியை எவ்வளவு தள்ள ஏலுமோ தள்ளி அடை. நான் உன்னை ஏசுறன், வழக்குப் போடுறன். இந்த ஒழுங்கையிலை எனக்குச் சண்டை பிடிக்கக்கூட ஒரு சனம் இல்லையடி. ரேடியோவோடை எத்தினை நாளைக்குச் சண்டை பிடிக்கிறது?"

பக்கத்தில் நின்ற பெண் மூக்கை உறிஞ்சினாள். போனில் எங்கள் மெஸ் குக்கர் விசில் அடித்தது.

"அக்காட்டைக் குடு" என்றாள் மலர்.

போனைக் காதில் வைத்தேன். சுட்டது. "அக்கா" என்றாள். "சொல்லுடி" என்றேன். "நான் போகட்டே?"

இதை ஏன் என்னிடம் கேட்கிறாள்? எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "என்னைக் கேட்டா? உங்க ஊரு, உங்க சண்டை. போடி, போய்த் தொலை" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அங்கே அவளும் அழுதாள். "சொதிக்கு ஒரு ஆளைப் பழக்கிப்போட்டுத்தான் வெளிக்கிடுவன் அக்கா" என்றாள். நான் போனை ஜெயந்தியிடம் கொடுத்துவிட்டேன்.

"காணிக்காரர்தான் முதல் கதியாலை நடோணும். மலரக்காவுக்காக நீங்கள் நடுங்கோ" என்றாள் ஜெயந்தி. தவமணி தன் வேலியிலிருந்து ஒரு கிளுவைக் கம்பை வெட்டிக்கொண்டு வந்தார். நான் அதை வட்டத்துக்கு அந்தப் பக்கம், நியாயப்படி நட வேண்டிய இடத்தில் ஊன்றப் போனேன். தவமணி என் கையைப் பிடித்து இழுத்தார்.

"உதிலை இல்லை. இஞ்சாலை வாங்கோ. வட்டத்துக்கு நட்டநடுவிலை."

"எடி, முழு மரமும் உன்ரை எண்டு இப்பத்தானே ஊரே சொன்னது?" என்றார் நடராசா அண்ணை.

"ஊருக்கென்ன தெரியும்? எல்லாம் ஒழுங்காய் இருந்தால் அவள் ரெண்டு நாளிலை வாயை மூடிக்கொண்டு இருந்திடுவாள். நடுங்கோ நீங்கள்."

கடப்பாரையை வாங்கிக் குழி போட்டேன். மண் இறுகிக் கிடந்தது, கை எரிந்தது. கம்பை இறக்கி மண்ணைத் தள்ளினேன். "நல்லா உழக்குங்கோ, இல்லாட்டி வேர் பிடியாது" என்றார் தவமணி. மலரை அனுப்ப எனக்குக் கொஞ்சமும் மனசில்லை. ஆனாலும் இரண்டு காலாலும் ஏறி நின்று மிதித்தேன்.